பின்பாரம்: ஹ்யூம் நெடுஞ்சாலையில் ஒரு கேரவன் நிலைகுலைந்த நிகழ்வு

2024 ஜனவரி 12, வெள்ளிக்கிழமை. பொங்கலுக்குச் சிட்னியில் இருக்கும் மைத்துனர் வீட்டுக்குப் போக, மெல்பர்னிலிருந்து காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். காரில் நான், மனைவி, இரண்டு பிள்ளைகள். பின்னால், காரில் மாட்டி இழுத்துப் போகும் சக்கர வீடான கேரவன். மதியம் ஒன்றரை மணி வாக்கில், நியூ சவுத் வேல்ஸில் ஹோல்புரூக்குக்கும் டார்கட்டாவுக்கும் நடுவே ஒரு சரிவில், அந்தக் கேரவன் எங்கள் காரை இரண்டு தடங்களிலும் இழுத்து அலைக்கழித்துவிட்டு நடுத்திட்டுப் புல்லில் கொண்டுபோய் மடக்கிப் போட்டது. யாருக்கும் அடியில்லை. மகள் உட்கார்ந்திருந்த பக்கத்துக் கண்ணாடி மட்டும் உடையாமல் இருந்தது. மறுபக்கம் உடைந்தது. அந்த இருக்கையில் துணிப்பையும் தலையணையும் இருந்தன.

அடுத்த சில வாரங்கள் கேட்டவர்களிடமெல்லாம் "லாரிக் காற்று அடித்துவிட்டது" என்றே சொன்னேன். நானும் அதை நம்பினேன். எடைச் சீட்டுகளையும் கணக்குகளையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் அது பொய் என்று தெரிந்தது. லாரி அங்கே இல்லாவிட்டாலும் அன்றைக்கோ மறுநாளோ வேறு எதுவோ அந்த வேலையைச் செய்திருக்கும். நம் வட்டத்தில் இப்போது பலர் கேரவன் வாங்குகிறார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சாதாரண கார் உரிமம் இருந்தால் போதும்; கேரவன் இழுக்கத் தனித் தேர்வு கிடையாது. நானும் அப்படித்தான் இழுத்தேன். அதனால்தான் எதையும் மறைக்காமல் முழுதாக எழுதுகிறேன்.

வண்டியும் சாலையும்

கார் நடுத்தர எஸ்யூவி. தயாரிப்பாளர் தந்த இழுப்புத் திறன் 2,000 கிலோ. பின்னால் கேரவனை மாட்டும் உலோக உருண்டையான டோபாலில் அதிகபட்சம் 200 கிலோ இறங்கலாம். கேரவன் 17 அடி, ஒற்றை அச்சு, பழையதாக வாங்கியது. வெற்று எடை 1,480 கிலோ, சுமையோடு அதிகபட்சம் 1,880 கிலோ என்று தகட்டில் அடித்திருந்தது. அச்சிலிருந்து முன்னால், டோபாலைக் கவ்வும் கப்ளிங் வரைக்கும் 4 மீட்டர். அச்சிலிருந்து பின்சுவர் வரைக்கும் 2.5 மீட்டர். சக்கரங்களுக்கு மின்சார பிரேக், காரில் அதற்கான கன்ட்ரோலர். இந்த நாட்டில் 750 கிலோவுக்கு மேல் இழுக்கும் எதற்கும் பிரேக் கட்டாயம். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும். கழன்று ஓடினால் தானே பிடிக்கும் ஏற்பாடும் வேண்டும். எங்களுடையது முதல் வகை. சங்கிலி இருந்தது, விளக்குகள் எரிந்தன, பக்கவாட்டில் நீளும் கண்ணாடிகள் மாட்டியிருந்தேன். காகிதத்தில் ஒரு குறையும் இல்லாத வண்டி.

ஹ்யூம் நெடுஞ்சாலை மெல்பர்னையும் சிட்னியையும் இணைக்கும் சுமார் 840 கிலோமீட்டர். 2013-ல் ஹோல்புரூக் புறவழிச்சாலை திறந்ததோடு முழுவதும் இரட்டைச் சாலையாகிவிட்டது. எதிரே வருகிற வண்டி என்ற கவலை இல்லை. அதுவே ஒரு மயக்கம் தருகிறது: அகலமான சாலை, நீளமான வளைவுகள், 110 என்ற பலகை. ஆனால் இரு பெருநகரங்களின் சரக்கும் இரவும் பகலும் ஓடுவது இதே சாலையில்தான். இரண்டு டிரெய்லர் இழுக்கும் 26 மீட்டர் நீள பி-டபுள் லாரிகள், முழுச் சுமையில் 62.5 டன், ஒன்றன்பின் ஒன்றாக வரும். வெள்ளிக்கிழமை, அதுவும் பள்ளி விடுமுறை. கார், படகு, கேரவன், லாரி எல்லாம் ஒரே சாலையில்.

ஹோல்புரூக்கில் நிறுத்தினோம். கடலிலிருந்து எத்தனையோ தொலைவில் இருக்கும் அந்த ஊர்ப் பூங்காவில் ஆட்வே என்ற நீர்மூழ்கிக் கப்பலின் மேற்பகுதியை வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் அதன்மேல் ஏறி விளையாட, நாங்கள் கேரவனின் பின்பக்கப் பெட்டியைத் திறந்து புளியோதரையை எடுத்துச் சாப்பிட்டோம். அந்தப் பெட்டிக்குள் ஒரு 20 கிலோ அரிசி மூட்டை, பொங்கலுக்கு மாவரைக்கும் கிரைண்டர், என் கருவிப் பெட்டி எல்லாம் இருந்தன. அதற்கும் பின்னால், சுவருக்கு வெளியே, சைக்கிள் தாங்கியில் மூன்று சைக்கிள்கள். கை கழுவிக்கொண்டே அவற்றின் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்த்து, இறுக்கமாக இருக்கிறது என்று திருப்திப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. கட்டு இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தேன். அந்த இடத்தில் அது இருக்கலாமா என்று பார்க்கவில்லை.

பதினேழு வினாடி

ஹோல்புரூக்கை விட்டுக் கொஞ்ச நேரத்தில் ஓர் ஏற்றம். முன்னால் போன பி-டபுள் 80-க்கு இறங்கிவிட்டது. நான் வலது தடத்துக்கு மாறி முந்தத் தொடங்கினேன். அதன் வாலருகே நான் போவதற்குள் மேடு முடிந்துவிட்டது. இறக்கத்தில் லாரி மறுபடி 100-ஐப் பிடித்தது. நான் 108-ல் இருந்தேன்.

இங்கே ஒரு கணக்கு. எங்கள் காரும் கேரவனும் சேர்ந்து 11 மீட்டர், லாரி 26. வித்தியாசம் மணிக்கு 8 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 2.2 மீட்டர். லாரியின் பக்கத்திலேயே ஒட்டிக்கொண்டு ஓடிய நேரம் கிட்டத்தட்ட 17 வினாடி. அந்த நேரத்தில் இரண்டு பேரும் அரைக் கிலோமீட்டர் கடந்திருப்போம். தனிக் காரில் முந்தும்போது அழுத்தினால் நாலைந்து வினாடியில் முடியும் காரியம் இது. கேரவனோடு போகும்போது முந்துவது என்றால் லாரியோடு குடித்தனம் நடத்துவது போல. அந்த நேரம் முழுக்க லாரியைச் சுற்றி ஓடும் காற்று கேரவனின் அகலமான சுவரில் ஒருமுறை உள்ளே இழுக்கும், ஒருமுறை வெளியே தள்ளும்.

லாரியின் முகப்பைக் கடந்தபோது கேரவன் வலப்பக்கம் ஒரு தள்ளு வாங்கியது. கண்ணாடியில் பார்த்தேன்: பின்முனை மெதுவாக வலப்புறம் போய், திரும்பி, நடுவைத் தாண்டி இடப்புறம் போயிற்று. வேகமானி 110-ஐத் தொட்டிருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் காரின் பின்பகுதியை யாரோ பிடித்து உலுக்குவது போல இருந்தது. "என்னங்க ஆச்சு?" என்றாள் மனைவி. நான் செய்தவை இரண்டு, இரண்டும் தவறு. ஆட்டத்துக்கு எதிராக ஸ்டியரிங்கைத் திருப்பினேன். காலை பிரேக்கில் வைத்து அழுத்தினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல முடியவில்லை. ஐந்து அல்லது ஆறு ஆட்டம். கடைசியில் கண்ணாடியில் கேரவன் தெரியவில்லை. பக்கத்துச் சன்னலில் தெரிந்தது. பின்னால் வந்த லாரி ஓட்டுநர் எங்கள் ஆட்டத்தைப் பார்த்த உடனேயே வேகத்தைக் குறைத்து, இடது தடத்தை அடைத்துக்கொண்டு, அபாய விளக்கைப் போட்டுவிட்டிருக்கிறார். அவர் அப்படிச் செய்யாமல் இருந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு இடமிருந்திருக்காது. கொஞ்ச தூரம் தள்ளி நிறுத்திவிட்டு நடந்து வந்தார். முதலில் பிள்ளைகளை வண்டியிலிருந்து விலகி, புல்லில் தள்ளி நிற்க வைத்தார். பெயரைக்கூடக் கேட்கத் தோன்றவில்லை எனக்கு.

இரண்டு கையால் தூக்கியவர்

ஒன்றரை மணி நேரம் கழித்து வண்டியை ஏற்றிப் போக ஒருவர் வந்தார். அறுபதைத் தாண்டிய, கனத்த உடம்பு. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்தார், சங்கிலியைக் கழற்றினார், முறுக்கிக்கொண்ட கப்ளிங்கைச் சுத்தியலால் தட்டி விடுவித்தார். கழற்றிய கேரவனை முன்னால் தாங்கி நிற்கும் சிறு சக்கரம், அதன் தாங்கி வளைந்திருந்ததால் இறங்கவில்லை. அவர் குனிந்து, கேரவனின் முன்னால் நீண்டிருக்கும் இழுகம்பியை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சுக்கூட வாங்காமல் தூக்கி ஒரு மரக்கட்டைமேல் வைத்தார். பிறகு நிமிர்ந்து, நடந்து போய், கேரவனின் பின்பக்கத்தைப் பார்த்தார். சைக்கிள்களைப் பார்த்தார். பெட்டியைத் திறந்து உள்ளேயும் பார்த்தார். என்னிடம் வந்து, "முன்னால் எடையே இல்லையே" என்று மட்டும் சொன்னார்.

அந்த ஒரு வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியும். தெரிந்திருந்தும் தோன்றவில்லை என்பதுதான் வேதனை. எங்கள் ஊர்ப் பக்கம், சின்ன வயதில், கரும்பு ஏற்றிய மாட்டு வண்டிகளைப் பார்த்து வளர்ந்தவன் நான். சுமை ஏற்றி முடித்ததும், மாட்டைப் பூட்டுவதற்கு முன், தாத்தா நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாக எழும்பினால் "பின்பாரம்டா" என்று சொல்லி நாலு கரும்புக் கட்டுகளை முன்னுக்கு மாற்றச் சொல்வார். தூக்கவே முடியவில்லை என்றால் முன்பாரம். மாட்டுக் கழுத்து புண்ணாகும். கழுத்தில் அளவாக உட்கார வேண்டும். ஒற்றை அச்சு வண்டியின் பாடம் முழுவதும் அந்தக் கையில் இருந்தது. கேரவனும் ஒற்றை அச்சு வண்டிதான். மாடு மட்டும் மாறியிருக்கிறது. நடை மணிக்கு நாலு கிலோமீட்டருக்குப் பதிலாக நூற்றுப் பத்து.

எடை சொன்ன கதை

அன்று மாலையே மெல்பர்னில் இருக்கும் ஒரு மூத்த நண்பருக்குப் போன் செய்தேன். நான் அண்ணன் என்று கூப்பிடுபவர், யாழ்ப்பாணத்துக்காரர், இருபது வருடத்துக்கு மேல் கேரவன் இழுத்துச் சுற்றியவர். முழுவதையும் கேட்டுவிட்டு அவர் சொன்னது: "ஒண்டையும் இறக்க வேண்டாம் தம்பி. முதல்ல அப்பிடியே நிறுத்துப் பாருங்கோ. இறக்கினா உண்மையும் இறங்கிப் போயிடும்." அந்த யோசனைக்கு நான் வாழ்நாள் முழுக்கக் கடன்பட்டவன். வண்டி நிறுத்தும் இடத்திலேயே எடைமேடை இருந்தது. அங்கே எடுத்த மொத்த எடை 1,770 கிலோ. அனுமதி 1,880. 110 கிலோ மிச்சம்.

எனக்கு முதலில் நிம்மதிதான் வந்தது. அதிகச் சுமை ஏற்றவில்லை, சட்டப்படி சரி. "டோபால் நிறை எவ்வளவு?" என்று அண்ணன் கேட்டார். எடைமேடையில் அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: கேரவனை முழுதாகக் கழற்றி ஓர் எடை, காரோடு மாட்டிச் சக்கரங்கள் மட்டும் மேடையில் நிற்க ஓர் எடை; வித்தியாசம் டோபாலில் இறங்குவது. ஆனால் பல பொது எடைமேடைகள் 20 கிலோப் படிகளில்தான் காட்டும். இந்த அளவுக்கு அது முரடு. இழுகம்பிக்கு அடியில் வைக்கும் சின்னத் தராசு கடையில் கிடைக்கிறது. அங்கிருந்த ஒருவரிடம் வாங்கி வைத்துப் பார்த்தோம். 75 கிலோ.

மொத்த எடையில் 4.2 சதவீதம். ஆஸ்திரேலியாவில் கேரவன்காரர்கள் மனதில் வைத்திருக்கும் பொதுக் கணக்கு சுமார் 10 சதவீதம். எங்களுக்கு அது 177 கிலோ. பாதிகூட இல்லை.

எங்கே போயிற்று மீதி? பிறகு அளவு நாடாவும் சமையலறைத் தராசுமாக ஒவ்வொரு பொருளையும் எடுத்து எழுதினேன். கணக்கு பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த நெம்புகோல் கணக்கு. அச்சுக்குப் பின்னால் இருக்கும் எடையை அச்சிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கி, அச்சிலிருந்து கப்ளிங் வரையுள்ள தூரத்தால் வகுத்தால், டோபாலிலிருந்து எவ்வளவு எடை தூக்கப்படுகிறது என்று வந்துவிடும். சைக்கிள்களும் தாங்கியும் 46 கிலோ, அச்சிலிருந்து 2.8 மீட்டர்: டோபாலிலிருந்து 32 கிலோ போயிற்று. பின்பெட்டியில் அரிசி 20, கிரைண்டர் 14, கருவிகள் 18, சில்லறைப் பாத்திரங்கள் 8. ஆக 60 கிலோ, 2.2 மீட்டரில்: இன்னொரு 33 கிலோ போயிற்று. வெறும் கேரவனுக்கு டோபாலில் 120 கிலோ. முன்னால் வைத்த எரிவாயு உருளையால் 15 கூடியது, நடுவில் இருந்த துணிமணி, கூடாரம், நாற்காலிகளால் ஒரு 5. எல்லாம் சேர்த்துக் கழித்தால் 75. தராசும் தாளும் ஒன்றையே சொன்னபோது, லாரிக் காற்று என்ற என் கதை அங்கேயே முடிந்தது.

அச்சுக்கு முன்னால் இருக்கும் 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நான் காலியாக வைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். வெட்டிச் சுமை எதற்கு, பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று. முன்னால் இருக்க வேண்டியதை இறக்கிவிட்டு, பின்னால் இருக்கக்கூடாததை ஏற்றியிருக்கிறேன்.

ஆட்டம் ஏன் அடங்கவில்லை

கேரவன் கப்ளிங்கில் மாட்டித் தொங்கும் ஒரு ஊசல். ஒரு பக்கம் தள்ளப்பட்டால் டயர்கள் சாலையைப் பிடித்து அதை நடுவுக்கு இழுக்கும். வேகம் குறைவாக இருக்கும்வரை ஒவ்வொரு ஆட்டமும் முந்தியதைவிடச் சிறியதாகி அடங்கிவிடும். வேகம் ஏற ஏற அடங்க அதிக நேரம் பிடிக்கும். ஒரு வேகத்துக்கு மேல் ஆட்டம் அடங்காது. ஒவ்வொன்றும் முந்தியதைவிடப் பெரிதாகும். அந்த வேகம் எந்தத் தகட்டிலும் அடித்திருக்காது. ஒரே கேரவன், ஒரே கார், ஒரே ஓட்டுநர். சுமையை மாற்றி வைத்தால் அந்த வேகம் மாறிவிடும். சாலையோரப் பலகை சொல்லும் 110-க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

எதனால் மாறும்? ஒன்று, டோபாலில் இறங்கும் எடை. இன்னொன்று பலர் கவனிக்காதது: எடை அச்சிலிருந்து எவ்வளவு தள்ளிப் பரவியிருக்கிறது என்பது. தூரம் இரண்டு மடங்கானால் சுழலும்போது அந்த எடை காட்டும் பிடிவாதம் நான்கு மடங்கு. எங்கள் 46 கிலோ சைக்கிள் பாரம் அச்சிலிருந்து 2.8 மீட்டரில் இருந்தது. அதே 46 கிலோ 0.7 மீட்டரில் இருந்திருந்தால் ஆட்டத்தை வளர்க்கும் அதன் பங்கு பதினாறில் ஒன்றுதான். பிரிட்டனில் பாத் பல்கலைக்கழகப் பொறியாளர்கள் சோதனை வண்டியை இழுத்து ஓட்டிப் பார்த்து 2009-ல் வெளியிட்ட ஆய்வும் இதே இரண்டையும், அச்சு இருக்கும் இடத்தையும்தான் முக்கியக் காரணங்களாகச் சொல்கிறது.

இதிலிருந்து ஒரு விஷயம் தெளிவாகிறது. பின்னால் சைக்கிள் வைத்துவிட்டு, அதைச் சமன்செய்ய முன்பெட்டியில் இன்னொரு 50 கிலோவைத் திணிப்பது தீர்வல்ல. டோபால் எடை 10 சதவீதம் காட்டும், மனசு நிறையும். ஆனால் இரண்டு முனையிலும் குண்டு கட்டிய தடி மாதிரி ஆகிவிடும் வண்டி. ஆடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கனமானவை தரையில், அச்சுக்கு மேல் அல்லது கொஞ்சம் முன்னால். லேசானவை மட்டும் முனைகளில். இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

டயரும் தன் பங்குக்குச் செய்தது. கேரவன் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்கத் தேதி இருக்கும், எங்களுடையதில் 3817. 2017-ன் 38-வது வாரம். ஆறு வயது தாண்டிய ரப்பர். காற்று 36 இருந்தது, தகடு 50 கேட்டது. தொய்ந்த டயர் பக்கவாட்டில் நெளியும்; நடுவுக்கு இழுக்க வேண்டிய பிடி தாமதமாக வரும்.

பிரேக் விஷயத்தில் எனக்கு மன்னிப்பே கிடையாது. கன்ட்ரோலரில் அளவு 2-ல் இருந்தது. முந்தின மாதம் காலியான கேரவனை இழுத்தபோது வைத்தது, மாற்றவில்லை. நான் பிரேக்கை மிதித்ததும் கார் வேகம் குறைந்தது, கேரவன் குறையவில்லை. 1,770 கிலோ பின்னாலிருந்து முட்டித் தள்ளியது. நேராக முட்டியிருந்தால் பரவாயில்லை, கோணலாக முட்டியது. செய்ய வேண்டியது இதுதான்: ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெதுவாக எடுத்து, கன்ட்ரோலரில் இருக்கும் கைக் குமிழை லேசாக அழுத்தி, கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிப்பது. பின்னால் இருப்பது இழுபட்டு நேராகும். என் காரில் அந்தக் குமிழ் ஸ்டியரிங்குக்குக் கீழே, முழங்கால் அருகே இருந்தது. அவசரத்தில் கை அங்கே போகவே இல்லை. ஒரு தடவையாவது அதை அழுத்திப் பழகியிருந்தால் போயிருக்கும்.

சட்டம் எங்கே நின்றது

நியூ சவுத் வேல்ஸில், காருக்கும் இழுவைக்கும் சேர்த்துத் தயாரிப்பாளர் தந்த மொத்த அனுமதி எடை 4.5 டன்னைத் தாண்டினால் 100-க்கு மேல் போகக்கூடாது. எங்கள் காருக்கு அது 4.4 டன். ஆகவே 110 எனக்குச் சட்டப்படி சரி. மேற்கு ஆஸ்திரேலியாவில் அப்போது எதை இழுத்தாலும் 100-தான். பிரிட்டனில் கேரவன் இழுப்பவர் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைலைத் தாண்டக்கூடாது. மூன்று தடம் உள்ள இடத்தில் வலது ஓரத் தடத்துக்கே போகக்கூடாது. பிரிட்டன் செய்வதே சரி என்று இப்போது நினைக்கிறேன். என்னை மாதிரி ஒருவன் பி-டபுளை முந்த முயலும் எண்ணத்தையே அந்த விதி எடுத்துவிடுகிறது.

இங்கேயும் ஒரு திசைக்கு ஒரே தடம் உள்ள கிராமப்புறச் சாலைகளுக்கு ஒரு நல்ல விதி இருக்கிறது. இழுவையோடு சேர்த்து 7.5 மீட்டருக்கு மேல் நீளமுள்ள வண்டி, இன்னொரு நீள வண்டிக்குப் பின்னால் குறைந்தது 60 மீட்டர் விட வேண்டும், முந்தும்போது தவிர. லாரிக்காரர்களுக்கு மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். கேரவன் மாட்டிய எந்தக் காரும் 7.5 மீட்டரைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

மறுபடி அதே சரிவு

இழுகம்பி, கப்ளிங், காரின் கதவு எல்லாம் சரியாக நாலு மாதம் ஆயிற்று. இனி கேரவனே வேண்டாம் என்றாள் மனைவி. நானும் மறுக்கவில்லை. மகன்தான் விடவில்லை. செப்டம்பர் பள்ளி விடுமுறையில் மறுபடி கிளம்பினோம்.

இந்த முறை ஏற்றுவதற்கே ஒரு முழு நாள். சைக்கிள் தாங்கியைக் கேரவனிலிருந்து கழற்றிவிட்டேன். சைக்கிள்கள் காரின் கூரைக்குப் போயின. அரிசியும் கிரைண்டரும் அச்சுக்கு நேர் மேலே, தரையில், பட்டை போட்டுக் கட்டி. கருவிகளும் பாத்திரங்களும் காருக்குள். டோபாலில் இறங்கும் எடை காரின் சுமைக் கணக்கிலும் சேரும் என்பதால் காரையும் தனியாக எடை போட்டேன். தண்ணீர்த் தொட்டி நிரம்ப நிரம்ப. பாதித் தொட்டி வைத்தால் தண்ணீர் உள்ளே அலையும். தாளில் 156 கிலோ வந்தது. தராசில் 160. மொத்தம் 1,780. ஒன்பது சதவீதம். காரின் முன்சக்கரங்களில் குறைந்த எடையை மீட்க, எடையைப் பகிரும் ஸ்பிரிங் தண்டுகளும் மாட்டினேன். அவை காரை மட்டமாக நிற்க வைக்கும். தப்பாக ஏற்றிய சுமையைத் திருத்தாது. "கம்பி போட்டாச்சு, இனி எங்கயும் வைக்கலாம் எண்டு நினைக்கப்பிடாது" என்று அண்ணன் இரண்டு தடவை சொன்னார்.

வீட்டுப் பக்கத்தில் ஆளில்லாத தொழிற்பேட்டைச் சாலையில், சுமை ஏற்றிய பிறகு, 40-ல் ஓட்டிக் கைக் குமிழை அழுத்தி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் கேரவன் பின்னால் பிடித்து இழுப்பது உடம்புக்குத் தெரிகிற அளவுக்குக் கன்ட்ரோலரை ஏற்றினேன். 5-ல் வந்து நின்றது. பத்துத் தடவை அழுத்தினேன். கண்ணை எடுக்காமல் கை அங்கே போகும்வரை. புதுக் குமிழ் இப்போது கியர் பக்கத்தில் இருக்கிறது.

வெள்ளிக்கிழமை வேண்டாம் என்று செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். 95-ல் இடது தடம். அந்த வேகத்தில் யாரையும் முந்தும் அவசியமே பெரும்பாலும் வரவில்லை. லாரிகள் நம்மைத் தாண்டிப் போகும். அதற்கும் ஒரு முறை இருக்கிறது. கண்ணாடியில் லாரி பெரிதாகும்போதே தடத்தின் இடப்பாதிக்கு ஒதுங்கிக்கொள்ள வேண்டும். வேகத்தை ஏற்றவும் வேண்டாம், சட்டென்று காலை எடுக்கவும் வேண்டாம். லாரியின் வால் தாண்டியதும் விளக்கைச் சிமிட்டினால் அவர் உள்ளே வரலாம் என்று தெரிந்துகொள்வார். முன்னால் ஐந்து வினாடி இடைவெளி வைத்தேன். யாராவது அதற்குள் நுழைந்தால் மறுபடி விட்டுக்கொடுத்தேன். 62 டன் லாரியின் முகத்துக்கு நேரே நுழைவதைவிடப் பத்து நிமிடம் தாமதமாகப் போவது மேல். ரேடியோ ஒன்றும் வாங்கியிருந்தேன். இந்தச் சாலையில் லாரிக்காரர்கள் பேசுவது 40-வது சேனலில். பேச வேண்டும் என்றில்லை. முன்னால் என்ன நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போகலாம். ஓய்விடங்களில் லாரிகளுக்கு ஒதுக்கிய நீள இடங்களை விட்டு மற்றதில் நிறுத்தினோம். அவர்களுக்கு அது தூக்கம்.

இறக்கத்தில் வேகத்தைக் குறைப்பது தாமதம். மேட்டின் உச்சியிலேயே குறைத்துவிட வேண்டும். ஹோல்புரூக்கைத் தாண்டி அதே மேடு வந்தபோது 85-க்கு இறக்கினேன். காருக்குள் யாரும் பேசவில்லை. சரிவின் பாதியில் ஒரு பி-டபுள் எங்களைத் தாண்டிற்று. அதன் முகப்பு கேரவனின் பக்கம் வந்தபோது பின்னால் ஒரு தள்ளு, கண்ணாடியில் பார்த்தேன். பின்முனை ஒரு சாண் அளவு இடப்புறம் நகர்ந்தது, திரும்பி நடுவுக்கு வந்தது, நின்றது. குமிழின் மேல் வைத்திருந்த கையை நான் டார்கட்டா வரும்வரை எடுக்கவில்லை.

ஆட்டத்தை உணர்ந்து தானே கேரவன் பிரேக்கைப் பிடிக்கும் மின்னணுக் கருவி ஒன்று பொருத்தலாமா என்று இப்போது விசாரித்துக்கொண்டிருக்கிறேன். பொருத்தினாலும் தராசை விற்கப் போவதில்லை.